சுடலைமுத்துவின் தொடை

இருங்க தம்பி, எந்திரிக்காதீய. உங்களை யாரு எந்திரிக்கச் சொன்னா? நரைச்ச தலையைக் கண்டா உடனே சீட்டைக் குடுத்துருவீயளோ? எனக்கு வயசு எழுபத்தொண்ணு. தென்காசில ஏறினேன், மதுரை வரைக்கும் இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னே வந்துருவேன். நீங்க உக்காருங்க. உங்க வயசு என்ன, முப்பது இருக்குமா? இந்த வயசுக்கு இந்தத் தொடை காணாது தம்பி. கோவப்படாதீய. உக்காந்தே வேலை பாக்கீய, பாத்தாலே தெரியுது. முப்பத்தாறு வருஷம் பி.டி. வாத்தியாரா இருந்தவன் நான். ஒருத்தன் படி ஏறுததை வச்சே அவன் தொடையில எவ்வளவு சதை இருக்குன்னு சொல்லிருவேன். ஞானதுரை வாத்தியார்னு எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க.

இந்தா, இந்தக் கையைப் பிடிச்சுப் பாருங்க. கூச்சப்படாதீய, சும்மா பிடிங்க. எப்படி இருக்கு? ஆங். காலையில நாலரைக்கு எந்திரிச்சு மைதானத்துக்குப் போயிருவேன். தினமும் ஆறு முட்டை, வெள்ளைக்கரு மட்டும். எதுக்குச் சொல்லுதேன்னா, இன்னைக்கு மதுரையில பென்சன்காரங்க சங்கத்துல என்னையப் பேசக் கூப்பிட்டிருக்காவ. ‘முதுமையில் உடற்பயிற்சி’ன்னு தலைப்பு. என்ன பேசணும்னு யோசிச்சுக்கிட்டே வாறேன். எங்க சுடலைமுத்து கதையைச் சொல்லலாம்னு ஒரு நெனப்பு. உங்ககிட்டச் சொல்லிப் பாக்கட்டுமா? நேரம் போகும்லா.

சுடலைமுத்து என் அடுத்த வீட்டுக்காரன். கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். என்னைவிட ஆறு மாசம் மூப்பு. உயிருக்கு உயிரான சிநேகிதன், அதை முதல்லயே சொல்லிருதேன். பின்னால நீங்க வேற மாதிரி நெனச்சுரக் கூடாது பாருங்க.

வருஷா வருஷம் தை மாசம் எங்க பக்கம் மூத்தோர் தடகளம் நடக்கும். ஓட்டம், நடை, குண்டு எறிதல் எல்லாம் உண்டு. அஞ்சஞ்சு வயசுக்கு ஒரு பிரிவு. நான் குண்டு எறிவேன். ஏழு வருஷத்துக்கு முன்னால நான்தான் சுடலைமுத்துவையும் கூட்டிட்டுப் போனேன். அவனுக்குக் குண்டை எப்படிப் பிடிக்கணும்னுகூடத் தெரியாது. உள்ளங்கையில வச்சுக்கிட்டுத் தேங்காய் மாதிரி பாத்துக்கிட்டு நின்னான். விரல்ல நிறுத்தணும், கழுத்துல ஒட்டணும், எறியக் கூடாது தள்ளணும்னு எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. சொல்லிக் குடுத்த ஒரு மணி நேரத்துல தள்ளினான் பாருங்க, என் குண்டைத் தாண்டி ஒரு முழம் போயி விழுந்துட்டு.

ஏழு வருஷம் தம்பி. ஏழு வருஷம் அவனுக்குத் தங்கம், எனக்கு வெள்ளி. வருஷம் பூரா நான் பயிற்சி எடுக்கேன். அவன் என்ன செய்வான்? பீடி குடிப்பான். பரோட்டா தின்பான். போட்டிக்குப் பத்து நாளைக்கு முன்னால, “வே வாத்தியாரே, அந்தக் குண்டை எடும், ரெண்டு தள்ளு தள்ளிப் பாப்போம்”பான். அவ்வளவுதான் அவன் பயிற்சி. முப்பத்திநாலு வருஷம் தோள்ல ஏணியைத் தூக்கிக்கிட்டு போஸ்ட் போஸ்டா ஏறினவன் பாருங்க, தொடை ரெண்டும் உரல் மாதிரி இருக்கும். குண்டு கையில இருந்து போகுதுன்னு ஜனங்க நெனச்சிருக்கு. அது தொடையில இருந்து போகுது. அந்தத் தொடை இருக்குறவரைக்கும் என்னால அவனை ஒண்ணும் செய்ய முடியாதுன்னு எனக்குத் தெரியும்.

மெடல் போனாப் போகுது. மெடல்ல என்ன இருக்கு, தகரம். என்னைய அறுத்தது என்னன்னா, மேடையில இருந்து இறங்கி வந்து தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, நாலு பேருக்கு முன்னால, “எல்லாம் வாத்தியார் போட்ட பிச்சை. பாவம், அவருக்கும் வயசாயிட்டுல்லா”ன்னு சிரிப்பான். எனக்கா வயசாயிட்டு? அவனைவிட ஆறு மாசம் இளையவன் நான்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘வாத்தியாரே, நீருதான் பலசாலி’ன்னு அவன் வாயால சொல்லணும். நான் கேட்டது அவ்வளவுதான். இது பெரிய ஆசையா, சொல்லுங்க.

போன வருஷம் போட்டி முடிஞ்சதும் ஒரு டாக்டரம்மா வந்து பேசினாவ. தசையைப் பத்தி. எங்க ஆளுங்க பாதிப் பேரு சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு வரிசையில நின்னுட்டாவ. சுடலைமுத்து தங்கத்தைக் கழுத்துல போட்டுக்கிட்டு போட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்தான். நான் ஒருத்தன்தான் முன் வரிசையில உக்காந்து நோட்டுப் போட்டு எழுதினேன். நாப்பதுக்கு மேல வருஷா வருஷம் சதை குறைஞ்சுக்கிட்டே வருமாம். எழுபதுக்கு மேல இன்னும் வேகமாக் குறையுமாம். அதுக்கு மாத்திரை கிடையாது, டானிக் கிடையாது. பளு தூக்கணும், நடக்கணும், முட்டை கறி பருப்புன்னு சத்தாச் சாப்பிடணும். தொண்ணூறு வயசு ஆளுங்களைக்கூட ரெண்டு மாசம் பளு தூக்க வச்சுப் பாத்தாவளாம், கால் பலம் ரெண்டு மடங்குக்கு மேல கூடிப் போச்சாம். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு தம்பி.

பிறகு இன்னொண்ணு சொன்னாவ. வயசான ஆளு பத்து நாள் படுக்கையில அசையாமக் கிடந்தாப் போதும், கால்ல மட்டும் ஒரு கிலோ சதை கரைஞ்சு போயிருமாம். முதல்ல போறது தொடையாம். வாலிபன் படுத்தா எந்திரிச்சுத் திரும்பத் தேத்திக்கிடுவான், கிழவன் தேத்துறது கஷ்டம்னாவ. அதையும் எழுதிக்கிட்டேன். அடியில கோடும் போட்டேன். எதுக்குப் போட்டேன்னு கேட்டா எனக்குத் தெரியாது. வாத்தியார் புத்தி, முக்கியமானதுன்னா கை தானாக் கோடு போடும்.

அப்புறம் ஐப்பசி மழையில எங்க தெருவுல சிக்குன்குனியா வந்துட்டு. முதல்ல விழுந்தவன் சுடலைமுத்து. கையும் காலும் முடங்கிப் போச்சு, முட்டெல்லாம் வீங்கிப் போச்சு. நான்தான் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க ஒரு டாக்டர் பிள்ளை, சின்னப் பிள்ளை. “ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுக்கட்டும், வலி குறையக் குறைய மெள்ள நடக்க விடுங்க”ன்னு என்கிட்டத்தான் சொல்லிச்சு. அது புத்தகத்தைப் படிச்சிட்டுச் சொல்லுது. நான் முப்பத்தாறு வருஷம் உடம்பைப் பாத்தவன். வீட்டுக்கு வந்து அவன் பெண்டாட்டி உலகம்மைகிட்ட, “தங்கச்சி, ரெண்டு மாசம் இவரு கட்டிலை விட்டு இறங்கக் கூடாது”ன்னேன்.

உலகம்மைக்கு நான் சொன்னா வேதவாக்கு. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே மகள் ஓசூர்ல இருக்கா. டாக்டர் ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னாலும் அவ என் பேச்சைத்தான் கேப்பா. “அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாத உடம்பா”ம்பா.

எவ்வளவு செஞ்சேன் தெரியுமா அவனுக்கு? கூடப் பிறந்தவன் செய்ய மாட்டான். கட்டிலை ஹாலுக்கு மாத்திப் போட்டேன், ஃபேனுக்கு நேரா. பாத்ரூமுக்கு நடக்கப்பிடாதுன்னு மூத்திரப் பாத்திரம் வாங்கிக் குடுத்தேன், என் கைக்காசு. தலைமாட்டுல ஒரு மணி கட்டி விட்டேன், தண்ணி வேணும்னா அடிச்சாப் போதும், எழும்ப வேண்டாம். காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை போயிப் பாப்பேன். மைதானத்துல இருந்து வேர்வையோட நேரே அங்கதான் போவேன். “இன்னைக்கு எவ்வளவு தள்ளினீரு வே?”ன்னு கேப்பான். சொல்லுவேன். “கூடிக்கிட்டே போகுதே”ம்பான். அந்த ஒரு சொல்லுக்காகவே இன்னும் நாலு தடவை தள்ளலாம் போல இருக்கும்.

சாப்பாடு விஷயத்துலயும் நான்தான் கண்டிப்பு. மகள் ஓசூர்ல இருந்து ஒரு அட்டை நாட்டுக்கோழி முட்டை வாங்கிட்டு வந்திருந்தா. காய்ச்சல் உடம்புக்கு முட்டை சூடு, செரிக்காது, கஞ்சிதான் குடுக்கணும்னேன். முட்டை வீணாப் போகக் கூடாது பாருங்க, நான் எடுத்துட்டு வந்துட்டேன். கறி வேண்டாம், மீன் வேண்டாம், பருப்புகூட வாயுன்னேன். கஞ்சியும் நாரத்தங்காயும். அவன் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. “வாத்தியார் வீட்டுல கோழி வாசம் வருதுல்லா”ன்னு மட்டும் ஒரு நாள் சொன்னான்.

என்ன தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிட்டீய? காத்து அடிக்குதா? சாத்திக்கிடுங்க.

மூணாவது வாரம் ஒரு சம்பவம். நான் சாயந்திரம் போறேன், கட்டில்ல ஆளைக் காணோம். பாத்தா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். தானா எந்திரிச்சு, தானா நடந்து, பத்தடி போயி நிக்கான். முகத்துல ஒரு சிரிப்பு. “வே, வலி விட்டுட்டு. நாளைக்கு வாசல் வரைக்கும் வாறேன்”ங்கான். போட்டிக்கு இன்னும் ரெண்டு, ரெண்டரை மாசம்தான் இருக்கு. அவன் எந்திரிச்சு நடந்தாம்னா, அந்தத் தொடை என்ன தொடைன்னு எனக்குத்தான தெரியும்? பயந்துட்டேன். அவனுக்காகத்தான் பயந்தேன். “தங்கச்சி! இங்க வாம்மா! இந்தக் காய்ச்சல்ல எந்திரிச்சு நடந்தா நேரே நெஞ்சுக்கு ஏறிரும். மேலத்தெருவுல ஒருத்தரு நடந்து போயி கிணத்தடியிலயே விழுந்து செத்தாரு”ன்னு சத்தம் போட்டேன். மேலத்தெருவுல அப்படி ஒருத்தரு சாகல. பயங்காட்டினாத்தான் கேப்பாவ, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படித்தான். உலகம்மை அழுதுக்கிட்டே அவனை இழுத்துட்டுப் போயி படுக்க வச்சா. அன்னைக்கு ராத்திரியில இருந்து அவன் செருப்பை எடுத்து பீரோவுக்கு மேல போட்டுட்டா.

அதுக்கப்புறம் அவன் எந்திரிக்கவே இல்ல.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை டேப்பை வச்சுத் தொடையை அளப்பேன். வாத்தியார்லா, அளந்து பாத்தாத்தான் மனசு ஆறும். முதல் வாரம் இருபத்தொரு அங்குலம். ஐப்பசி முடியுறதுக்குள்ள பத்தொம்பது. திருக்கார்த்திகைக்கு பதினேழரை. அவன் தலையைத் தூக்கிப் பாத்து, “எவ்வளவு வே?”ன்னு கேப்பான். “நல்லாருக்கு, வீக்கம் வடியுது”ம்பேன். சிரிப்பான். “நீரு இல்லாட்டா நான் என்ன ஆவேன்”பான். டாக்டரம்மா சொன்னது ஒரு எழுத்து பிசகல தம்பி. அறிவியல்னா அறிவியல்தான். தொடைத்தோலு தனியா, சதை தனியா, கையில பிடிச்சா துணி மாதிரி வந்துச்சு. பொங்கலுக்கு அளக்கையில பதினஞ்சே முக்கால். என் தொடை இருபது. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு கரும்பு தின்னேன்.

பொங்கல் கழிஞ்சு போட்டி. இந்த வருஷம் என்னைய எவனும் தடுக்க முடியாதுன்னு வெள்ளைப் பேன்ட், புது பனியன் எல்லாம் போட்டுக்கிட்டுப் போறேன். மேசையில இருந்தவன் பேரைப் பாத்துட்டு, “எழுபது வயசுப் பிரிவுல ரெண்டு பேருதான் இருக்கீய. மூணு பேரு இல்லாம போட்டி நடத்த முடியாது சார்”ங்கான். எனக்குத் தலையில இடி விழுந்த மாதிரி ஆயிட்டு. அப்பத்தான் ஞாபகம் வருது, ஏழு வருஷத்துக்கு முன்னால நான் சுடலைமுத்துவைக் கூட்டிட்டுப் போனதே இந்த மூணாவது ஆளுக்காகத்தான்! இந்த வருஷம் என்கூட மிஞ்சின அதே கணபதியாபிள்ளையும் நானும் அன்னைக்கும் ரெண்டு பேரா நின்னோம், ஆளு காணலன்னு இவனைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். இதை எப்படி மறந்தேன் பாருங்க. எல்லாத்தையும் யோசிச்சவன் இதை யோசிக்கல.

எங்க ரெண்டு பேரையும் அறுபத்தஞ்சு வயசுக்காரங்ககூடச் சேத்து விட்டுட்டான். எங்களுக்கு நாலு கிலோ குண்டு, அவங்களுக்கு அஞ்சு கிலோ. அந்த அஞ்சு கிலோவைத் தூக்கி என் கையில குடுத்துட்டான். ஆறு பேருல நான் அஞ்சாவது. ஆறாவது யாரு? கணபதியாபிள்ளை. அவரு சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு வாறவரு, குண்டு அவரு கால்லயே விழப் பாத்துச்சு.

எனக்கு வந்த ஆத்திரம் அம்புட்டும் சுடலைமுத்து மேலதான். படுத்துக்கிடந்தே என்னையத் தோக்கடிச்சுட்டான் பாத்தீயளா. வந்து சும்மா நின்னிருந்தாப் போதும், தள்ளக்கூட வேண்டாம், நான் தங்கத்தோட வந்திருப்பேன். அடுத்த வருஷம் எப்படியும் இவனைக் குண்டு தள்ளுற வட்டத்துக்குள்ள கொண்டாந்து நிறுத்தியே ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன். தொண்ணூறு வயசுக்காரனே ரெண்டு மாசத்துல தேறும்போது இவன் தேற மாட்டானா? நிக்குற அளவு தேறினாப் போதும், ரொம்பத் தேற வேண்டாம்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை, போன ஞாயிறு, நேரே அவன் வீட்டுக்குப் போனேன். “வே சுடலை, எந்திரியும். படுத்தது போதும், இன்னைக்கு முதல் நடக்கணும்”னேன். உலகம்மை அடுப்படியில இருந்து ஓடியாந்தா. “அண்ணாச்சி, நெஞ்சுக்கு ஏறிராதா?”ன்னா. “அதெல்லாம் போயாச்சு, இப்பம் நடக்கலன்னாத்தான் ஆபத்து”ன்னேன். “நாளைக்கு மகள் ஒரு பிள்ளையை வரச் சொல்லியிருக்கா அண்ணாச்சி. கை காலுக்குப் பயிற்சி குடுக்குற பிள்ளையாம், பிசியோவாம். அது வந்து எழுப்பட்டுமே”ன்னா. “அந்தப் பிள்ளை என்ன எழுப்புறது, நான் இருக்கையில?”ன்னுட்டேன்.

சுடலைமுத்து என் முகத்தைப் பாத்தான். “நீரு எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்கேன் வே”ன்னான். ரெண்டு கையையும் கட்டில்ல ஊனினான். காலைக் கீழ போட்டான். வேட்டிக்கு வெளிய ரெண்டு முருங்கைக்காய் தொங்குது. எழும்பினான், முக்கால்வாசி எழும்பிட்டான். முட்டு ரெண்டும் தந்தி அடிக்குது. பாதம் தரையைத் தேடுது. நான் கையைக் குடுக்கல. கையைக் குடுத்தாச் சதை வேலை செய்யாதுல்லா, தானா எழும்பணும். “எழும்பும் வே, எழும்பும்”னு கையைத் தட்டினேன், பள்ளிக்கூடத்துல தட்டுற மாதிரி. எழும்பினவன் அப்படியே சரிஞ்சு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல விழுந்துட்டான். உலகம்மை போட்ட சத்தத்துல தெருவே வந்துட்டு. எலும்பு முறியல, கர்த்தர் கிருபை. வேட்டியோட ஒண்ணுக்குப் போயிட்டான் பாவம்.

தெருவுல வந்தவனெல்லாம் வாசல்ல நிக்கான். ஒருத்தனும் உள்ள வரல. நான்தான் குனிஞ்சேன். முதுகுக்குக் கீழ ஒரு கை, முட்டுக்குக் கீழ ஒரு கை. எழுபத்திநாலு கிலோ ஆளு தம்பி அவன், முன்னால. தூக்கினேன் பாருங்க, தலையணையைத் தூக்குற மாதிரி வந்தான். மூச்சுகூட வாங்கல எனக்கு. எல்லாரும் பாக்காவ. எழுபத்தொரு வயசுல ஒரு மனுசன் இன்னொரு மனுசனை அப்படியே நெஞ்சோட தூக்கிக்கிட்டு நிக்கான். நான் உடனே கீழ விடல. கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன்.

அவன் என் தோள்ல தலையைச் சாச்சுக்கிட்டு அழுதான். கண்ணீரு என் புது பனியன்ல வழியுது. காதுக்குள்ள சொன்னான், “வே வாத்தியாரே, உம்ம உடம்பு இரும்பு வே. நீருதான் பலசாலி. நான் போயிட்டேன் வே.” வாசல்ல நின்னவனுக்கெல்லாம் கேக்குற மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னான்.

ஏழு வருஷம் தம்பி. இந்த ஒரு வார்த்தைக்கு ஏழு வருஷம் காத்துக் கிடந்தேன். எனக்கும் கண்ணு கலங்கிட்டு. மெடல்காரன் என்ன பெரிய மெடல்காரன், அவன் கிடக்கான். இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?

மெள்ளக் கட்டில்ல படுக்க வச்சேன். வேட்டியை நானே மாத்தி விட்டேன். போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டேன். ஊர்ல யாரு செய்வா இதெல்லாம்? உலகம்மை ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு நிக்கா. “அண்ணாச்சி, நாளைக்கு அந்தப் பயிற்சிப் பிள்ளை வருமே, வரட்டுமா?”ன்னு கேட்டா. நான் சுடலைமுத்துவைப் பாத்தேன். அவன் என்னையே பாத்துக்கிட்டுக் கிடக்கான், நான் என்ன சொல்லப் போறேன்னு.

“என்ன அவசரம் தங்கச்சி”ன்னேன். “நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்னு அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிரும்மா.”

என் முன்னாலயே போன் போட்டுச் சொல்லிட்டா. அந்த வீட்டுல என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது தம்பி.